சௌந்திரம் எழுதிய கேசட்டுக்குக் கூலி

மருதாசலம் சௌந்திரத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். 1987ஆம் வருஷம். கைமாற்று இல்லை, சீட்டுப் பணம் இல்லை. ஒரு பெண் மூன்று மாதம் உட்கார்ந்து செய்து கொடுத்த வேலைக்குக் கூலி. விலை பேசி முடித்தவன் நான். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு. மருதாசலம் என் பங்காளி என்பதற்காக வாயை மூடிக்கொள்கிற ஆள் நான் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பேர் அர்த்தநாரி. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். கிணற்றில் கல் உடைத்தேன். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் லாரியில் ராடு மாட்டுகிற ஆளாக ஒரிசா வரைக்கும் போய்ப் புழுதி தின்றேன். முப்பத்தாறு வயதில் திருச்செங்கோட்டில் சொந்த ரிக் வாங்கி நிறுத்தினேன். அப்புறம் மூன்று ரிக். ஒருத்தனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. எங்கள் ஊரில் முதன்முதலில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்த ரிக்காரன் யார் என்று கேளுங்கள். படித்தவன் பேரைச் சொல்லமாட்டார்கள், என் பேரைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் சௌந்திரம். அதையும் நானேதான் சொல்கிறேன், வேறு எவனும் சொல்லமாட்டான்.

சௌந்திரத்தின் வீட்டுக்காரர் வேலுசாமி, சேலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். என் ரிக்குகளுக்குப் பாறை துளைக்கிற பிட்டு ரயிலில்தான் வரும். எடுக்கப் போகும்போது பழக்கம். ஒரு நாள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். போனால், டிவி முன்னால் அந்த அம்மிணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு கறுப்புப் பெட்டி, மதியச் சோற்று டப்பா அளவுதான் இருக்கும், மேலே ரப்பர் பொத்தான்கள். பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் 'கீ...' என்று கத்திக்கொண்டிருக்கிறது.

"என்னம்மிணி, பாட்டுப் பொட்டி கெட்டுப்போச்சா?"

"இல்லீங்ணா. கம்ப்யூட்டரு. எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தாரு. கேசட்டுல இருக்கறதை இது படிக்குது."

சௌந்திரம் ஜலகண்டாபுரத்துக்காரி. அப்பனுக்கு அங்கே சைக்கிள் கடை. எஸ்எஸ்எல்சி, அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர். ஸ்க்ரூ டிரைவரைக் கண்டு பயப்படுகிற பெண் இல்லை. அந்தப் பெட்டி வந்த புதிதில் நாலு கேசட்டுக்கு மூன்று கேசட்டைப் படிக்காதாம். அவள் ரிக்கார்டரைத் திறந்து, நாடா உரசுகிற இடத்தில் இருக்கிற சின்னத் திருகை, அந்தக் கீச்சுச் சத்தம் கூர்மையாகக் கேட்கிற வரைக்கும் காதை வைத்துத் திருகிச் சரிபண்ணிவிட்டாள். கரண்டு கொடுக்கிற கட்டை சித்திரை வெயிலில் இட்லிக்குண்டா மாதிரி கொதித்தது. மண்சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தாள், சூடு தணிந்தது. பெரிய இம்சை பக்கத்து வீட்டு மயிலம்மாளின் கிரைண்டர். அது ஓட ஆரம்பித்தால் கரண்டு குறைந்து, பெட்டி அதுவரை போட்டதை எல்லாம் மறந்துவிடும். இவள் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினாள். அதுவும் போதாமல் மயிலம்மாளிடம் போய்ச் சொல்லியும் வைத்தாள்.

"அக்கா, மாவாட்டறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுங்க."

"ஆமா, உன்ற பொட்டிகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் நான் இட்லி ஊத்தோணும்" என்பாளாம் அவள். ஆனாலும் சுவரைத் தட்டிவிட்டுத்தான் கிரைண்டர் போடுவாள்.

அண்ணன்காரன் பெட்டியோடு ஒரு பை நிறையக் கேசட்டும் கொடுத்திருந்தான். கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது, ஜாதகம் கணிப்பது என்று என்னென்னவோ. சௌந்திரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, முக்கால்வாசியைப் பரணில் ஏற்றிவிட்டாள். கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுகிற ஒன்று, கடுதாசி அடிக்கிற ஒன்று, இரண்டைத்தான் கீழே வைத்தாள். கணக்குக் கேசட்டும் பிடிக்காமல், அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தானே ஒன்று எழுத ஆரம்பித்தாள்.

நான், "அந்த ஜாதகத்தைக் கீழே எடு அம்மிணி, பார்ப்போம்" என்றேன்.

"பொட்டிக்கு மூளை நெம்பக் கம்மிங்ணா. சோசியத்துக்கு எடம் குடுத்தா டீசலுக்கு எடம் இருக்காது. உங்களுக்குக் காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன தெரியோணும்? அதைச் சொல்லுங்க."

யோசிக்காமல் சொன்னேன். "எந்த வண்டி என்னை ஏமாத்துதுன்னு தெரியோணும்."

"அப்ப அது மட்டும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று வண்டி மேனேஜர்களும் அனுப்பிய சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எத்தனை அடி ஓடியது, எவ்வளவு டீசல், பசங்க வாங்கிய அட்வான்ஸ். அவள் தட்டுவாள். அடிக்கு எவ்வளவு டீசல் என்று டிவியில் வரும். ராய்ச்சூர் பக்கம் ஓடின வண்டி மற்ற இரண்டைவிட ஒன்றரைப் பங்கு குடித்திருந்தது. போய்ப் பிடித்தேன். டீசலை விற்றுச் சாப்பிட்ட மேனேஜரை அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பினேன். சௌந்திரத்துக்கு மாதம் இருநூறு ரூபாய் கொடுத்தேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் மருதாசலம் வந்தான். அவனுக்கு ஆறு ரிக். என்னைவிட மூன்று அதிகம் என்பதை நாளுக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மருமகன் மெட்ராஸிலிருந்து அதே மாதிரிப் பெட்டி, ஆனால் இன்னும் பெரிய மூளை உள்ளது, வாங்கிக் கொடுத்திருந்தான். பெட்டி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "நம்ம அம்மிணிகிட்டச் சொல்லி ஆறு வண்டிக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லப்பா" என்றான். நான்தான் கூட்டிப் போனேன். மூவாயிரத்து ஐந்நூறு என்று என் முன்னால் தலையாட்டினான்.

ஆறு வண்டிக் கணக்கு சௌந்திரத்தின் பெட்டிக்குள் அடங்கவில்லை. எழுதிச் சரிபார்க்க அவள் பெட்டியின் மூளையையும் பெரிதாக்க வேண்டும். அதற்கான சில்லு மெட்ராஸில்தான் கிடைத்தது. மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து வாங்கினாள். பெட்டியைத் தானே கழற்றி, மூச்சுக்கூட விடாமல் சில்லு ஒவ்வொன்றையும் பொருத்தினாள் என்று வேலுசாமி சொன்னார். மூன்று மாதத்தில் கேசட் தயார். மருதாசலத்தின் ஆபீசில் போட்டுக் காட்டினோம். ஒரு தப்பில்லை.

கேசட்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து மேசையில் வைத்தான்.

"என்னப்பா இது?" என்றேன்.

"கேசட்டு கடை வீதியில பதினெட்டு ரூவா. ரெண்டு ரூவா பஸ்சுக்கு."

"வெளையாடாதே மருதாசலம்."

"யாரு வெளையாடறது? பாட்டுக் கேசட்டுல பாட்டாவது இருக்குது. இது கீ...ன்னு கத்துது. கத்தறதுக்கு மூவாயிரத்தஞ்சூறா? கணக்குப் போடறது என்ற பொட்டி, கரண்டும் என்ற ஆபீசுக் கரண்டு. அம்மிணி சும்மா தட்டுச்சு. ஒரு சாமான் குடுத்தா காசு குடுக்கலாம். இதுல என்ன சாமான் இருக்குது, காட்டு பார்க்கலாம்?"

 சௌந்திரம் அந்த இருபது ரூபாயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் எரிகிறது. அடுத்த வாரமே அவன் அந்தக் கேசட்டை இரண்டு கேசட் போடுகிற டூ-இன்-ஒன்னில் போட்டு நகல் எடுத்து மச்சினன்மார் இருவருக்கும் கொடுத்தான் என்று தெரிந்தது. சாமான் இல்லாததை எதற்கடா நகல் எடுத்தாய்?

அடகுக்கடையிலிருந்து சௌந்திரத்துக்குக் கார்டு வந்தது. ஆடி முடிவதற்குள் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். வேலுசாமி "உடு, போனாப் போகுது" என்றார். அவர் நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருப்பதுதான் அவருடைய குறை.

நான் போய், "நான் குடுக்கறேன் அம்மிணி, மீட்டுக்கோ" என்றேன்.

"நீங்க குடுத்தா அது தருமம்ங்ணா. அவரு குடுத்தாத்தான் கூலி."

"சரி, அந்தக் கேசட்டை ஓடாம நிறுத்த முடியாதா? அதையாச்சும் செய்யி."

"போயி அழிச்சுட்டு வாரதுக்கு ஒரு நிமிசம் ஆகாது. அதுல அவரு கணக்கு மட்டுமா இருக்குது? ஆறு வண்டிப் பசங்களோட சம்பளப் பாக்கியும் இருக்குது. அவங்க சோத்துல நான் எதுக்கு மண்ணு போடோணும்?"

இப்படிப்பட்ட பெண்ணைத்தான் "சும்மா தட்டுச்சு" என்றான்.

ஆடி இருபதுக்கு மேல் இருக்கும். மருதாசலமே என் வீட்டு வாசலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஓமலூர்ப் பக்கம் சென்னிமலை என்கிற ஒருவர் தோட்டத்தில் அவன் ரிக் முந்நூறு அடி போட்டிருக்கிறது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. சென்னிமலை காசு தரமாட்டேன் என்கிறார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. வேறு ரிக்காரர்கள் இருவர் கூடப் போய், இன்ன தொகை நியாயம் என்று சொல்ல வேண்டும். சொல்லியும் தராவிட்டால் அந்த ஊருக்குள் எவன் ரிக்கும் நுழையாது. அந்தச் சொல்லுக்குப் பயந்து தராதவன் கிடையாது. என்னையும் அம்மாசியையும் கூப்பிட்டான். அம்மாசி எங்களுக்கெல்லாம் மூத்த ரிக்காரர். எங்கள் தொழிலில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

போனோம். சென்னிமலை தோட்டத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எனக்கு என்ன குடுத்தீங்க? ஓட்டை. காட்டுல ஒரு ஓட்டையப் போட்டு எட்டாயிரம் கேட்டா என்னுங்க அர்த்தம்? அந்த ஓட்டைய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மருதாசலம் எழுந்து நின்றுவிட்டான். "தண்ணி குடுக்கறது பூமிங்க. நாங்க அடிக்குத்தானுங்க காசு கேக்கறோம். கையில புடிச்சுக் காட்ட ஒண்ணும் இல்லைன்னா உழைப்பு இல்லைன்னு ஆயிருமா? என்ற பசங்க ரெண்டு நாளு புழுதி தின்னாங்க. டீசலு எரிஞ்சுது. பிட்டு தேஞ்சுது. கண்ணுக்குத் தெரியலைங்கறதுக்காகக் கூலி இல்லைன்னா எந்தத் தொழிலுங்க நிக்கும்?"

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நெம்பச் சரியாச் சொன்னே மருதாசலம். இதையே சூரமங்கலத்துக்கு வந்து சொல்லு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?" என்று பல்லைக் கடித்தான்.

"இப்பத்தான் அந்தப் பேச்சு" என்று சொல்லி, சென்னிமலை முன்னாலேயே கேசட் கதையை ஆதியோடந்தமாக எடுத்துவிட்டேன். மூன்று மாதம், மூன்று பவுன், இருபது ரூபாய், டூ-இன்-ஒன் நகல் எல்லாம். கதை முடிவதற்குள் சென்னிமலை கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அந்தம்மா போட்ட ஓட்டைக்கு இவரு காசு குடுக்கலீங்களா?"

"குடுக்கலீங்க."

"நல்லாருக்குதுங்க. மொதல்ல அவரு அங்க குடுக்கட்டும். அன்னிக்கே நான் முழுசும் குடுத்தர்றேன். ஒரு ரூவா கொறைக்கமாட்டேன்."

மருதாசலம் அம்மாசியைப் பார்த்தான். அம்மாசி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா மருதாசலம், அம்மிணி எழுதின கணக்கு உனக்கு ஓடுதா?"

"ஓடுதுங்க."

"நம்ம ஓட்டையிலயாவது தண்ணி வரலை. அது போட்ட ஓட்டையில உனக்குத் தண்ணியும் வந்திருக்குது. அப்பறம் என்ன? நீ குடுக்காம, இவருகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் பேசறது? நான் பேசமாட்டேன். உன்ற வண்டிக்கு இனி எங்கயும் பேசமாட்டேன்."

அவ்வளவுதான். அம்மாசி பேசமாட்டேன் என்றால், ஆறு ரிக் இல்லை, அறுபது ரிக் இருந்தாலும் வசூல் நடக்காது.

ஜீப் ஓமலூரிலிருந்து நேராகச் சேலத்துக்கு வந்தது. வழியில் மருதாசலம் ஒரு வங்கி முன்னால் நிறுத்தி இறங்கினான். திரும்பி வந்தவன் சட்டைப் பையை அமுக்கிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அம்மாசி நடுவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றார்.

குவார்ட்டர்ஸில் சௌந்திரம் எண்ணெய்க் கையோடு வந்து கதவைத் திறந்தாள். எங்கள் மூவரையும் பார்த்து, "வாங்க" என்று சொல்லிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மருதாசலம் நின்றபடியே, "மூவாயிரமா வெச்சுக்கலாம் அம்மிணி. மிச்சம் அஞ்சூறு உன்ற அண்ணன் குடுத்ததா நெனச்சுக்கோ" என்றான்.

"எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருக்காருங்க. அவரு குடுக்கறதை அவரே குடுப்பாரு. இதுல என்ற சங்கிலி இருக்குதுங்க" என்று சொல்லி வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அம்மாசி தொண்டையைச் செருமினார்.

மருதாசலம் எச்சில் தொட்டு, நூறு நூறாக அந்தக் கையில் எண்ணி வைக்க ஆரம்பித்தான். முப்பதில் நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். கை அப்படியே நின்றது. மறுபடியும் எண்ணினான். முப்பத்தைந்தாவது நோட்டு உள்ளங்கையில் விழுந்த பிறகுதான் சௌந்திரம் விரல்களை மடக்கினாள்.