லெஸ்லி அண்ணை சொன்ன மான் படம்

எங்கள் ஒழுங்கையில் இங்கிலீசுப் படம் பார்ப்பது என்றால் லெஸ்லி அண்ணையின் வாயைப் பார்ப்பதுதான்.

துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். யுத்த காலத்தில், கரண்ட் இல்லாத நாட்களில், ஜெனரேற்றர் வைத்து வீடியோப் படம் போட்டார். படத்தின் பேச்சு ஒருவருக்கும் விளங்காததால் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் வெள்ளைச் சீலையைத் திரையாகக் கட்டி அவர் படம் போட்டால் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள்.

படத்தில் வரும் ஊர் எந்த நாட்டில் இருந்தாலும் அதை எங்கள் பக்கத்து ஊராக்கிவிடுவார். பனி கொட்டும் மலை கந்தளாய்க்குப் போகும் வழியில் இருக்கும். பொலிஸ்காரருக்கு அபூதாஹிர் என்று பெயர் வைப்பார். பொன்னிறத் தலைமயிர் வெள்ளைக்காரி சோபனா ஆகிவிடுவாள்.

நான் எப்போதும் பின்னால் கதவோரம் இருப்பவள். அங்கிருந்து பார்த்தால் படத்தைவிட அவர்தான் நன்றாகத் தெரிவார். பயங்கரமான கட்டங்களில் அவர் சீலைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடிதான் கதை சொல்வார். சந்தைக்குப் போகும்போதும், ஊருக்குள் திரியும் மான்கள் வந்து நிற்கும் கோட்டை வாசல் பக்கம் வராமல் சுற்றுவழியால்தான் போவார். இதையெல்லாம் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன ஆவணியில் ஒரு பழைய படம் போட்டார். மலையூர் ஒன்றில் மாடு, குதிரை, நாய், மான் எல்லாம் ஒரே நாளில் மனிதர்மேல் பாய்கின்றன. நிறம் மங்கிப்போன படம். மான்கள் வந்த இடத்தில் லெஸ்லி அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"இதுகள் எங்கட கோட்டை வாசல் மான்கள். தங்களுக்கு எறிஞ்ச ஆக்களின்ர முகம் அதுகளுக்கு மறக்காது. ஒவ்வொருத்தராத் தேடி வருகுதுகள்."

பிள்ளைகள் கத்தினார்கள். என் மகள் லதுஷா கத்தவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி என்றாள். மறுநாள் தலையிடி. கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கோட்டை வாசலில் மான்களைக் கண்டதும் கையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

அவளுடைய செருப்பில் ஒன்று முன்பே காணாமல் போயிருந்தது. கடல் இழுத்துப்போனதாகச் சொல்லியிருந்தாள். இப்போது கேட்டபோது உண்மை வந்தது. ஒரு கொம்பன் மான் அவள் தின்றுகொண்டிருந்த பணிஸைப் பறித்திருக்கிறது. இவள் செருப்பைக் கழற்றி அதன் முகத்தில் எறிந்திருக்கிறாள்.

"அதுக்கு என்ர முகம் தெரியும் அம்மா."

நானும் எட்டாம் வகுப்பில் நாளைக்குப் போகலாம் என்று வீட்டில் நின்றவள்தான். பிறகு போகவேயில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவளுடைய வெள்ளைச் சட்டை கொடியிலேயே தொங்கியது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை லெஸ்லி அண்ணை வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவி மாகிரட் அக்கா முற்றத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவர் கணவன் பக்கம் திரும்பிவிட்டார்.

"வெள்ளைக்காரன் எடுத்த படத்துக்குள்ள எங்கட மானை ஏன் கொண்டுபோய் விட்டனீங்கள்?"

"கதை சூடு பிடிக்கவேணுமே மாகிரட்." அவர் என்னிடம் திரும்பினார். "நான் வந்து பொய்க்கதை எண்டு பிள்ளைக்குச் சொல்லிவிடுறன்."

"சொன்னா நம்பமாட்டாள் அண்ணை. நீங்கள்தான் நாளைக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் விடவேணும்."

"எங்கால?"

"கோட்டை வாசலால."

அவர் சாரத்தை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். "பின் ஒழுங்கையால போனா என்ன?"

"அது சுத்து. மணி அடிச்சிடும்."

"ஓம், போவார்," என்றார் மாகிரட் அக்கா.

அவருடைய பயம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் கேட்டேன்.

மறுநாள் மழை இல்லை. லெஸ்லி அண்ணை குடையோடு வந்தார். லதுஷா அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கோட்டை வாசலில் மான்கள் மர நிழலில் படுத்திருந்தன. கொம்பன் எழுந்து நேரே எங்களை நோக்கி வந்தது. லெஸ்லி அண்ணை குடையை விரித்துக் குறுக்கே பிடித்தார். அது இன்னும் கிட்ட வர, நிறுத்தியிருந்த ஓட்டோவுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஓட்டோக்காரர் றுவைஸ் வெளியே தலையை நீட்டினார். "என்ன லெஸ்லி அண்ணை, உங்கட படத்தில நடிச்ச ஆள்தானே? சம்பளம் கேட்டு வருகுதோ?"

லதுஷா தெருவில் தனியாக நின்றாள். நான் ஓடிப்போகக் காலெடுத்தேன். அவள் மானைப் பார்க்கவில்லை. ஓட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்களும் அதுக்கு எறிஞ்சனீங்களோ?"

"இல்லையம்மா. நான் ஒண்டுக்கும் எறிஞ்சதில்ல."

"அப்ப ஏன் ஒளிக்கிறீங்கள்?"

"எனக்குச் சின்னனிலயே பயம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பைக்குள்ளிருந்த பணிஸை எடுத்துத் தூரப் போட்டாள். கொம்பன் அவளைத் தாண்டிப் போய்க் குனிந்து தின்றது.

"அது என்ர முகத்தைப் பாக்கவே இல்ல," என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "வாங்கோ மாமா, தின்னு முடிக்க முதல் போவம்."

குடையின் நுனியைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த கடையில் அவர் அவளுக்கு வேறொரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது பின் ஒழுங்கையால்தான் போனார்.

லதுஷா இப்போது நாள் தவறாமல் போகிறாள். அதற்கு அடுத்த மாதம் பாம்புப் படம் போட்டார். எந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். லெஸ்லி அண்ணை என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "வெளிநாடு," என்றார். மண்டபமே கூவியது. பொறுக்கமுடியாமல், "சரி, தோப்பூர்," என்றார்.

பாம்புகள் வந்ததும் வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பி நின்று கதை சொன்னார். கொஞ்ச நேரம் போக முன்வரிசையிலிருந்து லதுஷாவின் குரல் கேட்டது.

"பாம்பெல்லாம் போயிட்டுது மாமா. இனித் திரும்புங்கோ."