சுவரில் பூண்டு விளையாது

கொடைக்கானல் விடுதிப் பள்ளியில் படித்தபோது, சரித்திர டீச்சர் பழைய ரோமாபுரியின் நில அளவைக்காரர்களைப் பற்றி ஒருநாள் பாடம் எடுத்தார். கம்பின் உச்சியில் குறுக்குச் சட்டம், அதன் நான்கு முனையிலும் தூக்குக்குண்டு. அதை வைத்தே நேர்கோடு பிடித்து, பிடித்த நாட்டையெல்லாம் சதுரம் சதுரமாகப் பிரித்தார்களாம். எங்கள் மலைக் கிராமமான கவுஞ்சிக்கு வந்து ஒரு சதுரம் போடட்டும் பார்க்கலாம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. சரிவில் அவர்கள் கோலைத் தரையோடு போட்டு அளக்கவில்லை. மட்டமாக நீட்டிப் பிடித்து, நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்திலிருந்து அடுத்த கோலைத் தொடங்கினார்கள்.

அப்பா இறந்த மறுவருஷம் சித்தப்பா, சரிவில் படிபடியாக வெட்டிய குடும்ப நிலத்தைப் பங்கு பிரிக்க ஆட்களைக் கூட்டினார். எங்கள் ஊரில் கயிற்றை மேலிருந்து கீழே தரையோடு விட்டுத்தான் அளப்பார்கள். ஓடையோரத்து அகலப் படிகள் அவருக்கு. மேலே, ஆள் உயரக் கல்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த படிகள் அம்மாவுக்கு. இரண்டும் ஒரே அளவுதான் என்றார். எங்கள் பக்கம் கயிறு ஒவ்வொரு சுவரிலும் வழிந்து இறங்கி, சுவரின் உயரமும் நிலமாகக் கணக்கில் சேர்ந்ததை யாரும் பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படிகளில் விளையும் பூண்டை விட்டால் எங்களுக்கு வேறு சோறு கிடையாது.

"சித்தப்பா, செவுத்துலயா பூண்டு வெளையும்?"

"பொம்பளப் புள்ளைக்கு அளவுல என்ன சோலி?"

"எங்க பங்குல எனக்குத்தான் சோலி. மட்டமாப் பிடிச்சு அளங்க. ரோமாபுரியில அப்படித்தான் அளந்தாங்க."

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப ரோமாபுரிக்காரனையே உழுக வரச்சொல்லு" என்றார் சித்தப்பா.

"உழுக நாங்க இருக்கோம். அளவு சரியா இருந்தாப் போதும்."

நீள மூங்கில் ஒன்றை எடுத்து, நுனியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். மறுமுனையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. அதுவரை முக்காட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து பிடித்தாள்.

"அளடி" என்றாள்.

படி படியாக இறங்கினோம். சித்தப்பாவின் பங்கையும் அதே மூங்கிலால் அளந்தோம். எங்கள் பங்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியக் குறைந்தது. ஊர்ப் பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செவுத்தக் கழிச்சிருப்பா" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். எல்லைக்கல் இரண்டு படி கீழே இறங்கியது; அவை எங்கள் பங்கில் சேர்ந்தன.

வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று கவுஞ்சி முழுக்கப் பேசினார்கள். பேசட்டும். அந்த இரண்டு படிகளிலும், எல்லைக்கல்லை ஒட்டி ஒரு சாண்கூட விடாமல், அம்மா பூண்டு ஊன்றினாள்.