முறுகிய டயர்

அத்தான் அந்தக் கரவானை வாங்கியபோது எனக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தார். வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சிறு வீடு அது. பழையது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றின் பின் ஒன்றாக. அதைக் கர்க்லாண்டில் உள்ள அவர்களின் வீட்டுப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

"நீதான் வந்து விடவேணும் தம்பி. எனக்கு உது சரிவராது."

நான் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். அத்தான், என் அக்காவின் கணவர், டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றுகிறவர். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் திரும்பி வந்து கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற மனிதர். வாகனம் என்று வந்தால் மட்டும் என் சொல்லைத்தான் கேட்பார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மே மாதம், சனிக்கிழமை பின்னேரம். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே இடம் குறைவு. எதிர்ப்பக்கத்தில் யாரோ காரை விட்டிருந்தார்கள். அக்கா ரொறொன்ரோவில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்பவென்று தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். அவளின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, படியில் இருந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு முதியவர் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, "டூஸ்மோன், டூஸ்மோன்" என்றார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். நான் சிரித்துக் கையைக் காட்டினேன்.

ஒற்றை அச்சு வண்டியென்றால் நின்ற இடத்திலேயே திருப்பலாம். இரட்டை அச்சு அப்படியல்ல. கூர்மையாகத் திருப்பினால் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் இழுபடும். டயரின் அடி நிலத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும், மேலே உள்ள இரும்பு வளையம் வேறு திசையில் நகரும். இரண்டுக்கும் இடையில் அகப்பட்டு முறுகுவது டயரின் பக்கச்சுவர். அதனால் அகலமாக வளைத்து எடுக்க வேண்டும், முறுக்கு விழுந்தால் முன்னே போய் அவிழ்த்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். துறைமுகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அன்று முன்னே போகவில்லை. எதிரே நின்ற கார்க்காரனைத் தேடிப் பிடித்து நகர்த்தச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒரே இழுப்பில் உள்ளே விட்டுக் காட்ட வேண்டும் என்றிருந்தது. கரவானைக் கொழுவியிருந்த அத்தானின் பிக்கப்பை முழுதாக ஒடித்துப் பின்னால் தள்ளினேன். டயர்கள் முனகின. கண்ணாடியில் பார்த்தபோது இடப்பக்க முன்டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும்போல் சரிந்திருந்தது. நிறுத்தவில்லை. கரவான் போய்ச் சரியாக இடத்தில் நின்றது. அக்கா கைதட்டினாள்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். தார்த்தரையில் கறுப்பாக வளைந்த கோடுகள், ரப்பர் மணம். அந்த முன்டயரின் உட்பக்கத்தில், வெளியே நிற்கிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில், அரைத் தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

"எல்லாம் சரியோ?" என்று அத்தான் கேட்டார்.

"ஓம் அத்தான். ஒண்டுமில்லை."

பேந்து சொல்லுவம் என்று நினைத்துக்கொண்டேன். தனியாகச் சொல்லலாம், டயர் பழசு மாற்றுவது நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம். ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது. வீக்கம் முன்பே இருந்திருக்கலாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யூன் மாத விடுமுறைக்கு முதல்நாள் அத்தான் தொலைபேசி எடுத்தார்.

"நாளைக்கு ஏரிப்பக்கம் போறம் தம்பி. ஏதும் பாக்கவேணுமோ?"

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பார். என் வாயில் வந்தது இதுதான்: "காத்தை மட்டும் ஒருக்காப் பாருங்கோ."

"அது பாப்பன்," என்றார்.

மறுநாள் நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடித்தது. கரவான் பாம்புபோல் ஆடி, பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு பக்கத் தடுப்பில் உரசியது. அத்தான் எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். கிழிந்த ரப்பர் அடித்து, அடித்தட்டைப் பிளந்து, உள்ளே அலுமாரியையும் தண்ணீர்க் குழாயையும் உடைத்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. பிள்ளை தெருவோரப் புல்லில் சத்தியெடுத்தாளாம். அத்தான் திரும்ப ஏறி ஓட்ட ஒரு மணித்தியாலம் சென்றதாம். இதையெல்லாம் அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான் "ஐயோ, அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். மதியச் சாப்பாட்டுக்கு நான் அங்கேதான் போவேன். சோறு போடும்போதே அக்கா தொடங்குவாள்.

"தம்பி சொன்னவன் எல்லோ, காத்தைப் பாருங்கோ எண்டு. இந்த மனுசன் கேட்டாத்தானே. இனிப் பிள்ளையை வச்சுக்கொண்டு நீங்கள் பெருந்தெருவில ஓடவேண்டாம்."

"பாத்தனான்," என்பார் அத்தான். இரண்டாவது ஞாயிறு, "பாத்தனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றார். மூன்றாவது ஞாயிறு, "மீட்டரைப் பிழையா வாசிச்சனோ தெரியேல்லை" என்றார், தட்டைப் பார்த்தபடி. தான் செய்ததையே அவர் நம்பாமல் போய்க்கொண்டிருந்தார். நான் மீன்குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் டோர்வலுக்குப் போய், அவர் வேலை முடிந்து வரும்வரை தரிப்பிடத்தில் காத்து நின்றேன். மஞ்சள் மேற்சட்டையோடு வந்தவர், என்னைக் கண்டதும் யாருக்கும் சுகமில்லையோ என்று பயந்துபோனார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். திருப்பியதை, வீக்கத்தை, கடைசியாகத் தொலைபேசியில் சொன்னதை. மேலே விமானங்கள் போய்க்கொண்டிருந்ததால் சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை.

"டயர் பழுதானது வேற. ஆருக்கும் வரும்," என்றார். "மூண்டு கிழமையா உன்ர அக்கா என்னை ஏசேக்க, நீ பக்கத்தில இருந்து சாப்பிட்டனி. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அது பொய். எனக்கு விளங்கும். கெட்டிக்காரன் என்ற பெயரை வைத்திருப்பதற்காக அந்த மனிதனைப் பலி கொடுத்துவிட்டேன்.

"அக்காவுக்கு நீயே சொல்லு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று பின்னேரமே சொன்னேன். அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "பிள்ளை உள்ளுக்க இருந்தவள்," என்றாள். கதவடியில் நின்ற மருமகள் பிரெஞ்சில் கேட்டாள், மாமா, உங்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று. ஓம் என்றேன். அவள் மேலே போய்விட்டாள்.

கரவானைத் திருத்தி, இலையுதிர் காலத்தில் விற்றுவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் நான் டயர்களைப் பார்க்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம், கடையில் கொடுத்துப் பார்த்தாயிற்று என்றார் அத்தான், மரியாதையாகத்தான்.

அக்கா இரண்டு மாதம் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறாள். அத்தானும் முன்புபோலத்தான் பழகுகிறார். ஆனால் அவர் பெருந்தெருவில் வாகனம் ஓட்டுவதில்லை. டயர் வெடித்தது அவர் பிழையல்ல என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அந்தப் பயம் அவரை விடவில்லை. எங்காவது தூரம் போவதென்றால் அக்காதான் ஓட்டுகிறாள். அவர் பக்கத்தில் இருந்து, மேலே உள்ள பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வழி முழுவதும் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி வருகிறார்.