ரயில் போகும்போது விழுந்த எண்

எங்கள் விளையாட்டு மேசைக்கென்று ஒரு விதி இருந்தது. அது விதிப் புத்தகத்தில் இல்லை. ரயில் போகும்போது உருட்டிய பகடை, எங்கள் பேச்சில் டைஸ், செல்லாது, திரும்ப உருட்ட வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் வந்தால் முதலில் யன்னல் கண்ணாடி நடுங்கும், பிறகு சாப்பாட்டு மேசை. இருபது முகமுள்ள டைஸ் ஓர் எண்ணில் நின்ற பிறகும், அந்த நடுக்கத்தில் மெல்லச் சரிந்து பக்கத்து எண்ணுக்குப் போய்விடும். அதனால் சத்தம் கேட்டவுடன் எல்லோரும் மேசையிலிருந்து கையைத் தூக்கிவிடுவோம். ரயில் போனபின்தான் விளையாட்டு தொடரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் நான்கு பேர். ஒரு கற்பனை உலகம், அதில் ஆளுக்கொரு பாத்திரம். செய்வதை வாயால் சொல்வோம், பலிக்குமா என்பதை டைஸ் சொல்லும். மாளிகாவத்தையிலிருந்து வரும் நண்பன் கதையை நடத்துவான். அரக்கர்களும் அவனே, மழையும் அவனே. கொட்டாஞ்சேனைத் தோழி மந்திரக்காரி. நான் வில்லாளி. நாலாவது ஆள் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவன், பள்ளிக்காலத்துப் பழக்கம். அவன் கேடயம் பிடித்த வீரன். பாத்திரங்களுக்கான குட்டிச் சிலைகள் வாங்க வசதியில்லாததால் சோடா மூடிகளை வைத்தோம். அவனுடையது சிவப்பு. சண்டை தொடங்கினால் அந்தச் சிவப்பு மூடி எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. ஒரு வசனத்தை எத்தனை விதமாக விளங்கிக்கொள்ளலாம் என்று தேடுவதற்குத்தான் சம்பளம். ஆகவே சண்டை விதிகளில் சந்தேகம் வந்தால் தீர்ப்பு என்னிடம் வரும். நிலத்தில் விழுந்து கிடப்பவன்மேல் தூரத்திலிருந்து அம்பு விடுவது சுலபமா, கடினமா? ஒளிந்திருப்பவன் ஒருதரம் எட்டிப் பார்த்தால் ஒளிவு போய்விடுமா? அரக்கனின் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகுபவனுக்கு விழும் அடி, விலகுமுன்னா, விலகிய பிறகா? விலகிய பிறகென்றால் கை எட்டாதே. எனக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் வசனம் என்ன சொல்கிறது. அடுத்தது, ஏன் அப்படி எழுதியிருப்பார்கள். இரண்டும் உதவாவிட்டால், எப்படி வாசித்தால் எல்லோரும் தொடர்ந்து விளையாடலாம்.

வாதத்தில் தோற்றவர் காலி வீதிக் கடைக்குப் போய் ரோல்ஸ் வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் கேடயக்காரன்தான் போவான்.

"தோக்கிறதுக்கெண்டே கதைக்கிறாய்," என்றேன் ஒருநாள்.

"ஆரும் தோக்காட்டி சூடா ரோல்ஸ் எப்பிடித் தின்னுறது?"

அவன் மெல்பேர்னுக்குப் போகுமுன் வந்த கடைசி ஞாயிறு, கதையில் நாங்கள் ஒரு பாலத்தில் இருந்தோம். நானும் மந்திரக்காரியும் அக்கரைக்குப் போக, பின்னால் வந்த அரக்கர் கூட்டத்தை அவன் தனியே மறித்தான். விழுந்தான். சிவப்பு மூடியைக் கவிழ்த்தோம். விழுந்தவன் தன் முறை வரும்போது டைஸை உருட்ட வேண்டும். எங்கள் மேசையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயிர் தங்கும். குறைந்தால் இல்லை.

உருட்டினான். ஆறு. யன்னல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சரி, செத்திட்டன்," என்றான் அமைதியாக. "நல்ல சாவுதானே. பாலத்தை விடேல்லை."

"செல்லாது," என்றேன். "ரயில்."

"டைஸ் நிண்ட பிறகுதான் ரயில் வந்தது."

"நீ கையை விடேக்கையே கண்ணாடி ஆடத் தொடங்கிட்டுது."

"மேசை ஆடேல்லையே. விதி மேசைக்குத்தானே?"

அது நல்ல கேள்வி. நியாயமாகப் பார்த்தால் இரண்டு வாசிப்புக்கும் இடமிருந்தது. ரயில் மேசையை ஆட்டிய பிறகுதான் விதி பொருந்தும் என்றால் ஆறு செல்லும். ரயில் வரத் தொடங்கியதே போதும் என்றால் செல்லாது. நான் மூன்றாவது படிக்குப் போனேன். எப்படி வாசித்தால் எல்லோரும் தொடர்ந்து விளையாடலாம்?

"செல்லாது," என்றேன் மறுபடியும்.

"இவவோட வாய் குடுக்க ஏலாது மச்சான்," என்றான் கதை நடத்துபவன். "திரும்பப் போடு."

அதற்குள் அவனுடைய போன் அடித்தது. வழியனுப்பச் சொந்தக்காரர் வந்துவிட்டார்களாம். டைஸை மேசை நடுவில் வைத்துவிட்டு எழும்பினான்.

"வந்து போடுறன்."

முதலில் படிப்பு, பிறகு வேலை, பிறகு விசாக் காகிதங்கள். அவன் வரவில்லை. நாங்கள் வேறு கதைகள் தொடங்கினோம். பாலத்துக் கதையை மட்டும் யாரும் தொடவில்லை. சிவப்பு மூடி அலுமாரித் தட்டில் கவிழ்ந்தபடி கிடந்தது. தூசி தட்டும்போதெல்லாம் அதை எடுத்து, திரும்பக் கவிழ்த்தே வைத்தேன்.

இந்த வருடம் கொட்டாஞ்சேனைத் தோழி தன்னோடு வேலை செய்யும் நுகேகொடைப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தாள். விளையாட அவளுக்கு ஒரு வீரன் பாத்திரம் வேண்டும். பாலத்துக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அப்ப அந்தப் பழைய ஆள் உயிரோட இருக்கிறாரா?" என்று கேட்டாள் புதியவள். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"போட்டவர்தான் திரும்பப் போட வேணும். இந்த மேசையில."

"அவன் வரமாட்டான் எண்டு உனக்குத் தெரியும்தானே," என்றாள் தோழி. குரலில் கோபம் இல்லை. "எங்களை எவ்வளவு காலம் அந்தப் பாலத்தில நிப்பாட்டி வைக்கப் போறாய்?"

அவனுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

அவன் ஒரு சின்னக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"நான் அண்டைக்கே செத்திட்டன். நீதானே விடேல்லை."

"ரயில் போனது."

"சரி, ரயில் போனது." இன்னொரு கோப்பையை எடுத்துச் சவர்க்காரம் போட்டான். "இந்த முறையும் வர ஏலாது போல கிடக்கு. நீயே போடு. என்ரை கையெண்டு நினைச்சுப் போடு."

டைஸை எடுத்தேன். தூரத்தில் ரயில் சத்தம். பொறுத்தோம்.

"ஒரு தட்டில துணி விரிச்சு உருட்டினா ஆடாதே?" என்றாள் புதியவள்.

முதல் நாளே எனக்குத் தெரிந்த விஷயம் அது.

ரயில் பாணந்துறைப் பக்கம் போய் மறைந்தது. கண்ணாடி நின்றது. மேசையில் கை வைத்துப் பார்த்தேன், அதுவும் நின்றிருந்தது. உருட்டினேன்.

மூன்று.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். யன்னலைப் பார்த்தேன். கடல் மட்டும் இருந்தது. வசனத்தில் சந்தேகமில்லை, வேறு வாசிப்பும் இல்லை.

"செல்லும்," என்றேன்.

சிவப்பு மூடியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். புதியவள் தனக்கு ஒரு பச்சை மூடியைத் தெரிந்தெடுத்தாள்.

"பாத்தியா, கடைசியா நான் வெண்டிட்டன்," என்றான் அவன். "இண்டைக்கு ரோல்ஸ் வாங்கப் போறது நீதான்." பிறகு, "போனை வைக்காதை. அடுத்த ரயில் எத்தினை மணிக்கு?"

"இப்ப கோட்டைப் பக்கம் போறது ஒண்டு வரும்."

"அதைக் கேட்டிட்டு வைக்கிறன்."

போனை யன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தேன். கதை நடத்தும் நண்பன் பாலத்தை வர்ணிக்கத் தொடங்கியிருந்தான். கண்ணாடி நடுங்கியது. நாங்கள் மூவரும் பழக்கத்தில் மேசையிலிருந்து கையைத் தூக்கினோம். எங்களைப் பார்த்துப் புதியவளும் தூக்கினாள். திரையில் அவனும், சவர்க்கார நுரை வடியும் இரண்டு கைகளையும் தூக்கியபடி, ரயில் போய் முடியும்வரை நின்றான்.