ஒற்றைக் கை நாற்காலி

அப்பாவுக்கு முப்பத்தாறு வயதில் ஆடும் நாற்காலி ஆசை வந்தது. மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. ரயில்வே ஆபீசில் வாரம் முழுக்க ஃபைல் பார்க்கிற மனுஷர், மண்டி மொஹல்லாவில் பழைய தேக்குக் கதவு ஒன்றை வாங்கி வந்து, ஞாயிறு தவறாமல் அறுத்தும் இழைத்தும் கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கன்னடத்து ஆன்ட்டி மதில்மேல் எட்டிப் பார்த்து, அதற்குள் ரிடயர்மென்டா சார் என்று கேலி செய்வார். ஆமாம், எனக்குத்தான் என்று அப்பாவும் சிரிப்பார்.

சுத்தப் பொய். நாற்காலி அம்மாவுக்கு. பிறக்கப்போகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆடுவதற்கு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. குழந்தை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்காத குடும்பம் எங்களுடையது. அதை மீறிப் போன தடவை ஆசைப்பட்டுத் தொட்டில் வாங்கி வைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தார். அதனால் இந்தத் தடவை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு வழி சொன்னாராம்: "செய்யி, வேண்டாங்கலை. ஆனா முழுசா முடிக்காதே. ஒரு கையை மட்டும் பிள்ளை பிறந்தப்புறம் மாட்டிக்கோ."

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. எட்டு வயதில் நான் கண்டது, வலது கை இல்லாமல் ஒரு மாதமாக நிற்கிற நாற்காலியும் அதை மாட்டச் சோம்பல்படுகிற அப்பாவும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்கு வலி எடுத்தது. என்னை ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் சும்மா இருப்பேனா? நைசாக நழுவிக் கொட்டகைக்குள் புகுந்தேன். நாற்காலித் துளை நிறையப் பசையை ஊற்றி, மூலையில் கிடந்த கையைப் பொருத்தி, சுத்தியலால் நாலு போடு போட்டேன். போதாதென்று மூன்று ஆணியும் அடித்தேன். பெருமை தாங்கவில்லை.

மதியம் ஃப்ளாஸ்க் எடுக்க வந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு உன்னை மாட்டச் சொன்னது?"

சகுனமாவது மண்ணாவது என்று வாய் கிழியப் பேசுகிறவர், நாற்காலியைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் நான் மாட்டியதைப் பிடுங்கப் பார்த்தார். பசை இறுகிவிட்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓவென்று அழ ஆரம்பித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஆன்ட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். அப்பா வாசலைச் சுற்றிக்கொண்டு போகாமல் மதிலேறிக் குதித்தார். நான் அழுதுகொண்டே சுற்றிக்கொண்டு ஓடினேன்.

ஃபோனில் அத்தை. பையனா பொண்ணா என்று அப்பா கேட்கவில்லை.

"அக்கா, அழுதுச்சா? நல்லா அழுதுச்சா? உன் காதால கேட்டியா?"

ரிசீவரை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "தங்கச்சிப் பாப்பா நல்லா அழுதுச்சாம்மா, ஆஸ்பத்திரியே அதிர அழுதுச்சாம்" என்று சிரித்தார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது.

அப்பாடா, எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அடியிலிருந்து தப்பித்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அத்தனை நேரம் நானும்தான் தொண்டை கிழிய அழுதேன். அதற்கு ஒருத்தரும் இப்படிச் சந்தோஷப்படவில்லையே.