இடது தோள் வரை

வந்தவர் நாற்காலியில் அமர்வதற்குள், "தலையணை ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாகிவிட்டது. இரண்டு என்றதும், கேட்ட அம்மையார் தம் நெற்றியிலேயே அடித்துக்கொள்கிறார். "படுக்கிறது கட்டில்லயா, மாடிப்படியிலயா?"

கழுத்து வலிக்குச் சிகிச்சை அளிக்கும் இந்தப் பிசியோ அம்மையாரைத் தெருவே 'கழுத்தக்கா' என்றுதான் அழைக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயது, நடையோ ஓட்டம். ஒருவருக்கு வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு அடுத்தவரிடம் பாய்கிறார். அவருடைய கன்னத்தில் கையை வைத்து, "என் கையைத் தள்ளுங்க. மெதுவா! என்னையே கீழ தள்ளச் சொல்லலை" என்கிறார். மோவாய் முன்னைவிட ஒரு விரற்கடை கூடுதலாகத் திரும்பிவிட்டால் போதும், "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூவுவார். பக்கத்து அறையில் பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

சொடக்கெடுக்கச் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர் ஒருவர் முதல் நாளே கெஞ்சினார்: "ஒரே திருகு, டக்குனு திருகி விட்டுடுங்கக்கா."

"திருகறதுக்கு இது என்ன தண்ணிக் குழாயா தம்பி?"

முன்னால் சரக்கு மறைப்பதால், திரும்பிப் பார்த்தபடி பின்னோக்கியே வண்டியை ஓட்டும் தொழில் அவருடையது. இப்போது கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. "கூப்பிட்டா அலமாரி மாதிரி மொத்தமாத் திரும்புறாருக்கா" என்றார் உடன் வந்த மனைவி. ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வண்டி, இல்லாவிட்டால் வாசல் காவல் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். "வண்டிய விட்டுட்டு வாசல்ல உக்காந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்" என்றார் ஓட்டுநர்.

அதன்பின் நடந்தது சிகிச்சையா சண்டையா என்று சொல்வது கடினம். அவர் வெடுக்கென்று திரும்ப முயல்வார். கழுத்தக்கா அவருடைய தோளை அமுக்குவார். "தோள் என்ன, காதுக்குக் கம்மல் மாட்ட வருதா? இறக்குங்க!"

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் கழுத்தக்கா தம் அறையைப் பூட்டிவிட்டுக் கிடங்கில் வந்து நின்றார். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

இரும்பு அடுக்குகளுக்கிடையே குறுகலான சந்து. பெட்டிகளை ஏந்திக்கொண்டு வண்டி பின்னோக்கி வந்தது. இடப்பக்க வளைவு நெருங்கியது. மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அவசரப்படாத தம்பி, அவசரப்படாத" என்று கழுத்தக்காவின் உதடுகள் முணுமுணுத்தன.

"பாக்குறாருக்கா! இடப்பக்கம் பாக்குறாரு!" என்றார் மனைவி.

வண்டி எதையும் உரசாமல் வளைந்து வந்து, கோட்டுக்குள் நின்றது. பெட்டி ஒன்றுகூட அசையவில்லை. மேற்பார்வையாளரே தம்மை மறந்து கைதட்டிவிட்டார்.

எல்லாருடைய கண்களும் வண்டியின்மேல் இருந்தன. கழுத்தக்கா மட்டும், ஓட்டுநரோடு சேர்ந்து தாமும் திரும்பி, மோவாயைத் தம் இடது தோளில் பதித்தபடி, பின்னாலிருந்த வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.