நான் கூட்டிய மாத்திரை

என் கணவருக்கு ஒரு வைரஸால் வந்த ரத்தப் புற்றுநோய். அவருடைய அக்கா தந்த ஸ்டெம் செல்லால் தேறி, சிங்கப்பூர் மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார்.

"எதிர்ப்புச் சக்தியை அடக்கற மாத்திரையை இனிமே பாதியாக் குறைங்க. அக்காவோட செல்லெல்லாம் மிச்ச நோயோட சண்டை போடணும். தோல்ல தடிப்பு வந்தா அந்தச் சண்டை ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், உடனே என்னைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

குறைத்தேன். தடிப்பு வந்தது. அவர் ரத்தம் வரச் சொறிவதைப் பார்க்கப் பொறுக்காமல், டாக்டரைக் கேட்காமலே பழைய அளவைக் கொடுத்தேன். தடிப்பு மறைந்தது.

"உன் கைராசிதான் லா," என்று சிரித்தார்.

மூன்றே மாதத்தில் நோய் திரும்பி அவரைக் கொண்டுபோனது.

சடங்கு முடிந்த அன்று அக்கா என் கையைப் பிடித்து, "என் செல்லுதான் சரியில்ல போல. மன்னிச்சிடும்மா," என்று அழுதார். அவருடைய கண்ணீரைத் துடைத்தேன், உண்மையைச் சொல்லவில்லை. என் பழியை இன்றுவரை அவர்தான் சுமக்கிறார்.